கொர்ரப்பனின் இருமல்

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. உன் உடம்பு சுகமா, அத்தான் சுகமா, பால்கனிச் செடிகள் சுகமா என்று வரிசையாகக் கேட்டுவிட்டேன். பதிலும் அதே வரிசையில் வரட்டும். என்னைக் கேட்டால் வயிறு முன்னால் போகிறது, முடி பின்னால் போகிறது, நான் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறேன். மற்றபடி சௌக்கியம்.

"போன்ல பேசினா நீ நடிக்கிறே, ஒழுங்கா லெட்டர் போடு" என்று நீ உத்தரவு போட்டாலும் போட்டாய், பகலில் ஒரு கார்ட்டூன் தேரைக்கு வசனம், சாயங்காலம் உனக்குக் கடிதம் என்று பிழைப்பு ஓடுகிறது. இரண்டு பேருமே என்னை மதிப்பதில்லை.

முதலில் ஒரு அருவருப்பான செய்தி. நேற்று எங்கள் விற்பனைத் தலைவர் என் மேஜையில் ஒரு பொருளைக் கொண்டுவந்து வைத்தார். இவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் பல்லழகர். துக்கச் செய்தி சொல்லும்போதும் முப்பத்திரண்டும் தெரியும். வைத்தது என்ன தெரியுமா? சின்னக் குழந்தைகளை உட்கார வைத்து வெளிக்குப் போகப் பழக்குவார்களே, அந்தப் பிளாஸ்டிக் பேசின். அதன் அடியில் நம் கொர்ரப்பன் வாயை ஆவென்று திறந்துகொண்டு மேலே பார்க்கிறான்.

"குழந்தைங்க குறி பாத்துப் போகும் சார். அம்மாங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

உன் சமையலறை மேஜையில், மின்சார பில்லின் பின்பக்கத்தில் நான் கிறுக்கிய தேரை அக்கா அவன். சாக்கடை மூடிக்குக் கீழே குடியிருந்துகொண்டு ஊரையே நக்கலடிப்பவன். டிபன் பாக்ஸில் வந்தான், செருப்பில் வந்தான், பொறுத்துக்கொண்டேன். இப்போது அவன் வாய்க்கு இந்த உத்தியோகம். எந்தப் பொருளானாலும் 'படைத்தவர்' என்று அச்சடித்த கோட்டின் மேல் நான் கையெழுத்துப் போட்டால்தான் கடைக்குப் போகும். போட்டேன். போட்டுவிட்டுப் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.

இனி நல்ல செய்தி. எங்கள் தொழிலில் குரல்தான் முதலில், படம் அப்புறம். அத்தான், எதிரொலி விழாமல் இருக்க, உங்கள் வீட்டுத் துணி அலமாரிக்குள் உட்கார்ந்து பேசி அனுப்புவதைக் கேட்டுக் கேட்டுத்தான் இங்கே வரைகிறார்கள். அவர் மூச்சு விட்டால் தேரையின் வயிறு அசையும். அவர் எச்சில் விழுங்கினால் தேரையின் தொண்டை ஏறி இறங்கும். குரலில் இருப்பதெல்லாம் படத்தில் இருக்க வேண்டும் என்பது இங்கே எழுதாத சட்டம். போன தடவை வந்த பதிவில் இரண்டு வசனங்களுக்கு நடுவே அத்தான் இருமியிருக்கிறார். எங்கள் சவுண்ட் அம்மா அதை வெட்ட மறந்துவிட்டார். வரைகிறவர்கள் சட்டப்படி அதையும் வரைந்துவிட்டார்கள்! கொர்ரப்பன் பேச வாயெடுக்கிறான், தொண்டை பலூன் மாதிரி உப்புகிறது, கண் இரண்டும் வெளியே வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போகின்றன, தொப்பென்று சாக்கடையில் விழுகிறான். போட்டுப் பார்த்தபோது நான் நாற்காலியோடு சரிந்தேன்.

இருமலுக்கென்றே ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அத்தானிடம் சொல்லி வகைக்கு ஒன்றாகக் கொஞ்சம் இருமல் அனுப்பச் சொல். வறட்டு இருமல், சளி இருமல், ஆரம்பித்தால் நிற்காத இருமல். அவர் நடிப்புக்கு இதெல்லாம் ஒரு சிரமமா?

அவருக்கு வணக்கம். உனக்கு, நீ திட்டாத அளவுக்கு அன்பு.

தம்பி


பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. செடிகள் சுகம். நீ கேட்ட வரிசையில் அது கடைசி என்று தெரியும். ஆனால் சொல்வதற்குச் சுலபமானது அதுதான்.

நீ கேட்டதை உன் அத்தான் அனுப்பிவிட்டார். அவருக்குச் சிரமம் ஒன்றும் இருக்கவில்லை. "நடிப்புன்னே தெரியலை சார்" என்று உங்கள் சவுண்ட் அம்மா பதில் போட்டிருந்தார். அதை உன் அத்தான் எனக்கு வாசித்துக் காட்டிச் சிரித்தார். சிரிப்பு வேறாக மாறியது. நான் மைக்கை அணைத்தேன்.

இங்கே கொஞ்சம் அலைச்சல். ஒரு வேலையாகப் பெரிய ஊருக்கு அடிக்கடி பஸ்ஸில் போய்வருகிறோம். அங்கே காத்திருக்கும் கூடத்தில் நாற்காலிகளை ஒன்றோடு ஒன்று இணைத்துப் போட்டிருக்கிறார்கள். ஒருவர் காலை ஆட்டினால் வரிசையே ஆடுகிறது. சுவரில் டி.வி. அதில் உன் தேரை. காத்திருப்பவர்களுக்குத் தொந்தரவு என்று சத்தத்தை நிறுத்தியிருந்தார்கள். உன் அத்தான் தான் பேசியதை வாயசைப்பில் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவரிடம் "இது நான்தான்" என்று சொல்லத் திரும்பினார். ஆனால் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் விட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. உனக்குத்தான் தெரியுமே, பஸ் கண்டக்டரிடம்கூடச் சொல்கிற மனுஷர்.

கொஞ்ச நாளைக்குப் போனுக்கு வரமாட்டார். தொண்டைக்கு ஓய்வு கொடுக்கிறார். தொழில் அதுதானே.

அந்தப் பேசினில் கையெழுத்துப் போடாமல் இருந்திருக்கலாமே என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடு. வயிறு முன்னால் போகிறதென்றால் கொஞ்சம் குறைத்தே சாப்பிடு.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் நலம், அத்தான் நலம் இரண்டையும் சேர்த்து விசாரிக்கிறேன். நான் நலம் என்று எழுதும்போதே ஒரு தும்மல் போட்டேன். காகிதம் ஓரத்தில் ஈரமாக இருந்தால் அது கண்ணீர் இல்லை.

நடந்ததைக் கேள். ஊரே இருமுகிறது! கதை ஒளிபரப்பான மறுநாளிலிருந்து பள்ளிக்கூடங்களிலிருந்து புகார். வகுப்பில் ஒரு பயல் இருமினால் போதுமாம், மொத்த வகுப்பும் தொண்டையை உப்பிக்கொண்டு தரையில் விழுகிறதாம். ஒரு தலைமையாசிரியை போனில் என்னைக் காய்ச்சி எடுத்தார். கத்திய கத்தலில் அவருக்கே இருமல் வந்துவிட்டது. பின்னாலிருந்து பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. பாவம், போனை வைத்துவிட்டார்.

பல்லழகர் சும்மா இருப்பாரா? வயிற்றை அமுக்கினால் இருமுகிற பொம்மை. அதற்கொரு கூட்டம். எங்கள் கூட்ட அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுவரெல்லாம் கண்ணாடி, ஒரு ஜன்னலும் திறக்காது, மேஜை நடுவில் யாரும் தொடாத பிஸ்கட் தட்டு. அதைச் சுற்றிப் பெண்டாட்டி பிள்ளையுள்ள பெரிய மனிதர்கள் உட்கார்ந்து மாதிரிப் பொம்மைகளை மாற்றி மாற்றி அமுக்கிக்கொண்டிருந்தோம்.

"இதுல சளி ஜாஸ்தி."

"சளிதான் சார் இதுக்கு உயிரே."

"அம்மாங்களுக்குப் பிடிக்காது."

"அம்மாங்களுக்குப் பிடிக்காததுதான் பிள்ளைங்களுக்குப் பிடிக்கும்."

"அப்ப முதல் அமுக்கு வறட்டு, ரெண்டாவது அமுக்கு சளி. எல்லாருக்கும் ஓகேயா?"

கணக்குப் பிரிவு அம்மா, நெற்றியில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எப்போதும் தூங்குகிற மாதிரி இருப்பாரே, அவர் கையைத் தூக்கினார். "மூணாவதா காறித் துப்பினா?"

குமட்டிக்கொண்டு வந்தது அக்கா. எல்லோரும் படைத்தவனைப் பார்த்தார்கள். "துப்ப வேண்டாம்" என்றேன். இந்த வருடம் கலைக்கு நான் செய்த சேவை அவ்வளவுதான். பிறகு கோட்டின் மேல் கையெழுத்துப் போட்டேன்.

முதல் பொம்மையை அத்தானுக்கே அனுப்பச் சொல்லியிருக்கிறேன். தன் இருமலைத் தானே அமுக்கிப் பார்க்கட்டும். எத்தனை நடிகர்களுக்கு அந்த பாக்கியம்!

அடுத்த தொடருக்கான வசனம் போன மாதமே அனுப்பினேன். பதிவு வரவில்லையே? வரைகிறவர்கள் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஓய்வு போதும் என்று அத்தானிடம் சொல்.

தம்பி


ஏப்ரல் 27

தம்பிக்கு,

சுகம். உன் சுகம் அறிந்தேன்.

பதிவு கொஞ்சம் தாமதமாகும். பழைய பதிவுகளில் மிச்சம் இருந்தால் ஒட்டிக்கொள். வேறு யாரையும் தேடாதே.

நாளைக்குக் காலையில் ஊருக்குக் கிளம்புகிறோம். சில நாள் வீடு பூட்டியிருக்கும். செடிகளுக்கு எதிர்வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

அக்கா


ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் எங்கே இருந்தாலும் சுகமாக இருங்கள். சுற்றுலாவா போனீர்கள்? ஒரு படம்கூட அனுப்பவில்லை. நான் போட்ட இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை.

எனக்கும் கோபிக்கத் தெரியும், தெரிந்துகொள். அத்தானுக்கு என் மேல் என்ன மனஸ்தாபம்? போன தொடரின் கடைசியில் பெயர்கள் ஓடும்போது அவர் பெயர் 'மற்றும்' என்பதற்குப் பிறகு வந்ததே, அதுவா? அது நான் செய்ததில்லை. என் பெயரே பூனைக்கு வால் வரைந்தவர் பெயருக்குக் கீழேதான் வந்தது. அந்தப் பூனைக்கு வாலே இல்லை!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பதிவு வராததால் இங்கே பல்லழகர் இரண்டு கம்ப்யூட்டர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அத்தானின் பழைய பதிவுகளை எல்லாம் தீனியாகப் போட்டால் கம்ப்யூட்டர் அவரைப் போலவே பேசுமாம். என்ன எழுதிக் கொடுத்தாலும் பேசுமாம். ஓய்வே கேட்காதாம். ஒன்று போட்டுக் காட்டினார்கள். "வணக்கம் குட்டீஸ், இந்த வாரம் என் பல்பொடிக்குத் தள்ளுபடி" என்றது. அத்தானின் குரல்தான், ஒரு மூச்சு பிசகவில்லை. ஆனால் யாரோ செத்த பல்லியைச் சட்டைக்குள் போட்ட மாதிரி எனக்கு முதுகு கூசியது.

இருந்தாலும் வேறு வழி சொல்லத் தெரியவில்லை. அத்தானின் சம்மதம் வேண்டும் என்று காகிதம் கொடுத்திருக்கிறார்கள். இத்துடன் இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் கையெழுத்துப் போட வேண்டாம், ஆனால் அலமாரிக்குள் போய் உட்காரச் சொல். இரண்டில் ஒன்று செய்யச் சொல்.

கோபத்தோடும், அது தீர்ந்த பிறகு அன்போடும்,

தம்பி


ஜூலை 3

தம்பிக்கு,

உன் அத்தான் உயிரோடு இருக்கிறார். சுகம் விசாரிக்கிற இடத்தில் இதை எழுதுகிறேன்.

ஏப்ரல் கடைசியில் அவருடைய குரல்வளையை எடுத்துவிட்டார்கள். புற்று. ஜனவரியில் நீ நாற்காலியோடு சரிந்தாயே, அது இதுதான். வகைக்கு ஒன்றாகக் கேட்டாயே, அதுவும் இதுதான். வறட்டு, சளி, ஆரம்பித்தால் நிற்காதது, எல்லாம் அவரிடம் தயாராக இருந்தது. கேட்டதைக் கொடுத்தார்.

உனக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார். "சொன்னா வேற ஆளைத் தேடுவாங்க" என்றார். உன்னைப் பற்றி இல்லை, உன் ஆபீஸைப் பற்றி என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

நாங்கள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது உன் பொம்மை வந்தது. பையில் துண்டும் செருப்பும் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன், கூரியர்காரர் மணி அடிக்கிறார். உன் அத்தான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பிரித்தார். அமுக்கினார். மறுபடி அமுக்கினார். "நல்லா வந்திருக்கு, ரெண்டாவது இன்னும் நல்லா இருக்கு" என்றார். அதற்குப் பிறகும் அவர் தன் குரலில் என்னிடம் சில வார்த்தை பேசினார். அதை உனக்குச் சொல்ல மாட்டேன். நீ கதை எழுதிவிடுவாய்.

திரும்பி வந்து அதைப் போர்வைகளுக்கு அடியில் போட்டேன். மேலே எதை வைத்தாலும் இருமுகிறது. பேட்டரியைக் கழற்றலாமென்றால் குழந்தைகள் கழற்றாமல் இருக்கத் திருகாணி போட்டிருக்கிறார்கள். எதிர்வீட்டுக்காரி திருகுளி கொடுத்தாள். எதற்கென்று கேட்டாள். சொன்னால் நம்ப மாட்டாள் என்று கடிகாரத்துக்கு என்றேன். கழற்றி முடிக்கிறவரைக்கும் என் கைக்குள் அது இருமிக்கொண்டே இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் கழுவித் துடைத்த பல அழுக்குகளை இந்த இரண்டு மாதத்தில் பார்த்துவிட்டேன். எதுவும் என்னைக் குமட்டவில்லை. இது குமட்டியது.

அதைக் கடைகளில் நிறுத்தச் சொல். உன் கையெழுத்து இல்லாமல் போகாது என்று நீதானே எழுதினாய்.

நீ அனுப்பிய காகிதத்தைப் படித்தார். மடித்தார். இப்போது அவர் எழுதிப் பேசுகிற பலகையில் ஒன்றும் எழுதவில்லை.

அக்கா


ஆகஸ்ட் 30

அக்கா,

நலமா என்று எழுதக் கை வரவில்லை. இத்தனை நாள் பேனாவையே எடுக்கவில்லை. எழுதினால் ஏதாவது வேடிக்கையாக எழுதிவிடுவேனோ என்று பயம். எனக்கு இருக்கிற வியாதி அது.

உன் கடிதத்தைப் படித்த காலையிலேயே பல்லழகர் அறைக்குப் போனேன். "அது நடிப்பில்லை சார். நிஜ இருமல். புத்துநோய்" என்றேன். முதல் தடவையாகப் பல் மறைந்தது. அட, மனுஷன்தான் என்று நினைத்தேன். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "நிஜம்னு டப்பா மேல போட்டா…" என்று ஆரம்பித்தார். அவர் மேஜையிலிருந்த பிஸ்கட் தட்டை அவர் மேல் எறிந்தேன் அக்கா. பிஸ்கட் மட்டும் பறந்தது, தட்டு என் கையிலேயே இருந்துவிட்டது. எதையும் முழுசாகச் செய்ய வராது எனக்கு.

அப்புறம் எங்கள் வக்கீல் அம்மா வந்தார். நோயாளியின் இருமலை விற்றதாக நாளைக்கு யாராவது பேப்பரில் எழுதினால் மானம் போகும் என்றார். மானம் என்றதும் எல்லோரும் பயந்து பொம்மையை நிறுத்தினார்கள். கடைகளில் இருப்பதைத் திரும்ப எடுக்கிறார்கள். என்னால் இல்லை, பயத்தால் நடந்தது. ஆனாலும் நடந்தது.

அடுத்து அந்தக் கம்ப்யூட்டர் குரல். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். அத்தான் பேசாத கொர்ரப்பன் இனி யார் குரலிலும் பேசக் கூடாது என்று முடிவு செய்து, அவன் குரலே போய்விடுகிற மாதிரி ஒரு கதை எழுதினேன். வசனமே கிடையாது. கண்ணும் கையும்தான். என் வாழ்நாளிலேயே நான் எழுதிய உருப்படியான கதை அது. இதை ஒத்துக்கொள்ளாவிட்டால் வேலையை விடுகிறேன் என்று ராஜினாமாவைப் பையில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன்.

கைதட்டினார்கள்.

"பேசாத தேரைன்னா எல்லா நாட்டுக்கும் விக்கலாம் சார், மொழி மாத்துற செலவே இல்லை!" என்றார் பல்லழகர். "பொம்மைக்கு பேட்டரியும் வேண்டாம்" என்றார் கணக்கு அம்மா. என் தோளைத் தட்டி மேதை என்றார்கள். வாந்தியை விழுங்கின மாதிரி வீடு வந்து சேர்ந்தேன். அந்தக் கதையை ஏதோ விருதுக்கு அனுப்புகிறார்களாம்.

போகட்டும். அத்தானிடம் இதை மட்டும் சொல். அவர் இடத்தில் இனி யாரும் உட்கார மாட்டார்கள். அவருக்காகச் செய்தேன்.

தம்பி


செப்டம்பர் 12

தம்பிக்கு,

இருவரும் நலம்.

யாரைக் கேட்டு அவனை ஊமையாக்கினாய்?

உன் அத்தானுக்குக் கழுத்தில் ஒரு துளை இருக்கிறது. அதில் சின்னதாக ஒரு அடைப்பான் வைத்திருக்கிறார்கள். விரலால் துளையை மூடிக்கொண்டு பேச வேண்டும். மற்றவர்கள் நாலு வார்த்தை வந்ததும் அழுதுவிட்டு வீட்டுக்குப் போவார்களாம். இவர் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் "இன்னும் கொஞ்சம் கீழ் ஸ்தாயி வருமா?" என்று கேட்டார். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை, எனக்குப் புரிந்துவிட்டது.

இரண்டு மாதமாக அலமாரிக்குள்தான் இருக்கிறார். நீ ஏப்ரலுக்கு முன்னால் அனுப்பினாயே, அடுத்த தொடருக்கான வசனம், அதை வைத்துக்கொண்டு. சளி அடைத்துக்கொள்கிறது, துடைத்துக்கொள்கிறார், மறுபடி ஆரம்பிக்கிறார். "இப்பதான் இவன் நிஜமான தேரை. இத்தனை வருஷம் தேரை வேஷம் போட்ட மனுஷனா பேசிட்டிருந்தேன்" என்றார். நான் சிரித்தேன். கல்யாணமான நாளிலிருந்து தன் குரலைப் பற்றியே பேசுகிற மனுஷர், அது போன பிறகும் அதைப் பற்றியே பேசினால் என்ன செய்வது?

அந்தச் சமயத்தில் உன் கடிதம் வந்தது. 'யாரும் உட்கார மாட்டார்கள்' என்ற வரியை இரண்டு தரம் படித்தார். "நானுமா?" என்று கேட்டார்.

கையெழுத்துக் கேட்டுக் காகிதம் அனுப்பியவர்கள் அவர் குரலுக்கு வேலையாவது வைத்திருந்தார்கள். நீ பரிதாபப்பட்டு அதையும் எடுத்துவிட்டாய். அதற்கு விருது வேறு. பேசினில் போட்ட கையெழுத்துக்குக் கை கழுவினாய். இதற்கு என்ன செய்யப் போகிறாய்?

பதிவு ஒன்று அனுப்பியிருக்கிறேன். அனுப்பச் சொல்லி அவர் கேட்கவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. கேட்டுவிட்டு உண்மையை எழுது. வேடிக்கையும் வேண்டாம், கண்ணீரும் வேண்டாம்.

அக்கா


அக்டோபர் 25

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

இருவரும் நலம் என்று எழுதியிருந்தாய். அதற்கு மேல் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

உண்மையை எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். பதிவைப் போட்டதும் முதல் வசனத்திலேயே அணைத்துவிட்டேன். எனக்கு அருவருப்பாக இருந்தது. ஏப்பம் ஒன்று பேசக் கற்றுக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. சேறு, குமிழி, ஈரம். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு தெருவை இரண்டு சுற்று சுற்றினேன். அத்தானின் குரலைக் கேட்டு என் தோல் சுருங்கிவிட்டதே என்று என் மேலேயே காறித் துப்பலாம் போல இருந்தது.

திரும்பி வந்து முழுக்கக் கேட்டேன். 'என் சாக்கடையில கால் வச்சவன் எவன்டா?' என்ற இடம். அக்கா, அந்த வசனத்தை எழுதினவன் நான். அதில் இவ்வளவு திமிர் இருந்தது எனக்கே தெரியாது. உடம்பு கூசுகிறது, சிரிப்பும் வருகிறது. இரண்டும் ஒன்றாக வந்தது. நான் அந்த பில்லின் பின்னால் கிறுக்கினவன் இவன்தான். இத்தனை வருடம் இவனைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு வைத்திருந்திருக்கிறோம்.

கூட்டத்தில் போட்டேன். கண்ணாடி அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கணக்கு அம்மா கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். "குழந்தைங்க அழுதுடும் சார்" என்றார் பல்லழகர். "கூப்பிட்டுக் கேப்போம்" என்றேன்.

எங்கள் கீழ்த்தளத்தில் குழந்தைகளை உட்கார வைத்துப் படம் காட்டி மறைவிலிருந்து பார்க்கிற அறை ஒன்று உண்டு. அத்தான் பேசி அனுப்பிய கதையின் ஒரு துண்டைப் புதுக் குரலில் தயார் செய்து போட்டோம். ஒரு சின்னவள் வீறிட்டு அழுதாள். அவள் அம்மா தூக்கிக்கொண்டு வெளியே போனார். பல்லழகர் என்னைப் பார்த்து, பார்த்தீர்களா என்பதுபோலச் சிரித்தார். மற்ற பிள்ளைகள் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ஒருத்தன் "அய்ய" என்றான். பக்கத்திலிருந்தவள் "அய்யய்ய" என்றாள். அறை முழுக்க அய்யய்ய. அருவருப்பில் நெளிகிறார்கள், மூக்கைச் சுளிக்கிறார்கள், ஒருவரும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முடிந்ததும் "திருப்பிப் போடுங்க!" என்று கத்தினார்கள். வெளியே போன சின்னவளும் கதவிடுக்கில் வந்து நின்றுவிட்டாள்.

இப்போது ஆபீஸ் சம்மதிக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனையோடு. கம்ப்யூட்டர் ஆட்களை வைத்து அந்தக் குரலின் ஈரத்தைத் துடைத்து, கரகரப்பைத் தேய்த்து, 'பாதி பழசு பாதி புதுசு' ஆக்கித் தருவார்களாம். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. போன தடவை கேட்காமல் முடிவு செய்தவன், இந்தத் தடவை கேட்கிறேன். அத்தான் என்ன சொல்கிறாரோ அதுதான். அவர் வேண்டாமென்றால் ராஜினாமா இன்னும் பையில்தான் இருக்கிறது, கொஞ்சம் கசங்கியிருக்கிறது.

கொர்ரப்பன் மறுபடி பேச ஆரம்பிக்கிற கதையை எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மனசைக் கொட்டி எழுதியிருக்கிறேன். அத்தான் படித்துப் பார்க்கட்டும்.

தம்பி


நவம்பர் 9

மாப்பிள்ளைக்கு,

உன் அத்தான் எழுதுவது. நாங்கள் சௌக்கியம். உன் அக்கா உன்னைத் திட்டுவதைக் குறைத்திருக்கிறாள், அதனால் நீயும் சௌக்கியமாகத்தான் இருப்பாய்.

உன் கேள்விக்குப் பதில். துடைக்கக் கூடாது. தேய்க்கக் கூடாது. அந்தக் குரலில் இருக்கிற ஈரம் என்னுடையது, நான் கஷ்டப்பட்டுச் சேர்த்தது. பாதி பழசு வேண்டுமென்றால் பழைய படத்தைப் போட்டுக்கொள்ளச் சொல். சம்மதக் காகிதத்தைக் கிழித்துவிட்டேன். உன் ராஜினாமாவை நீ கிழித்துவிடு. நீ வெளியே போனால் எனக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? பெயர் போடும்போது 'மற்றும்' வேண்டாம். அதைப் பற்றி எனக்குக் கோபமில்லை என்று உன் அக்கா எழுதியிருந்தால் அது பொய்.

என் குரலைக் கேட்டு அருவருத்தாய் என்று எழுதியிருந்தாய். உன் அக்கா அந்த இடத்தை மறைத்துப் படிக்கப் பார்த்தாள். நான் பிடுங்கிப் படித்தேன். இத்தனை மாதத்தில் என் குரலைப் பற்றி ஒருவர் பொய் சொல்லாமல் எழுதிய முதல் வரி அது. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் "நல்லாத்தான் இருக்கு, பழைய மாதிரியேதான் இருக்கு" என்கிறார்கள். அவர்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தலாம் போல இருக்கிறது.

இப்போது நான் உண்மை சொல்கிறேன். உன் கதையைப் படித்தேன். மூன்றாம் பக்கம் வரைக்கும் பரவாயில்லை. மூன்றாம் பக்கத்தில் கொர்ரப்பன் குளத்தங்கரையில் உட்கார்ந்து, நிலாவைப் பார்த்து, தொலைந்துபோன தன் குரலை நினைத்துக் கண்ணீர் விடுகிறான். எனக்குக் குமட்டியது. ஆஸ்பத்திரியில் குழாய் வழியாக ஊட்டினார்களே, அதுகூட இவ்வளவு குமட்டவில்லை. சாக்கடையில் வளர்ந்த பயலுக்கு நிலாவில் என்ன வேலை? அவன் மேலே பார்த்தால் பூச்சியைத்தான் பார்ப்பான். அவன் அழவும் மாட்டான், யாருக்கும் நன்றி சொல்லவும் மாட்டான். நீ அழுததை அவன் தலையில் ஏற்றாதே.

அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுது. இத்தனை நாள் பேசாமல் இருந்தவன் வாயைத் திறந்தால் முதலில் என்ன கேட்பான்? அவனுக்குப் பசிக்கிறது என்று எழுது. மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அத்தான்